நாலாவது பிளக்கு

நாலு ஸ்பார்க் பிளக்கில் மூன்று, பத்தே நிமிடத்தில் கழன்று வந்துவிட்டன என்பதை வாகைமேட்டில் இன்றைக்கும் யாரும் மறுப்பதில்லை. நாலாவதுதான், அந்தப் பாழாய்ப் போன நாலாவதுதான், கழன்றது, கழன்றது, பன்னிரண்டு நாள் கழன்றுகொண்டே இருந்தது.

வள்ளியூருக்குத் தெற்கே, பனையைவிடக் காற்றாலைகள் அதிகமாக நிற்கிற, மழையைவிடக் காற்று அதிகமாகப் பெய்கிற அந்த ஊரில், எந்த வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டாலும் அந்தக் கதையைத் தங்கள் வீட்டுக் கொல்லையில் நடந்தது போலத்தான் சொல்வார்கள். ஆனால் நடந்தது தில்லைநாயகத்துக்கு. அவனுடைய வெள்ளைக் காருக்கு. சூசை மெக்கானிக்கின் பட்டறை வாசலில், புங்க மரத்துக்குப் பக்கத்தில்.

தில்லைநாயகத்துக்கு முப்பத்தொரு வயது. பத்திர ஆபீசில் எழுத்தர். ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம், தலையைக்கூட நிமிர்த்தாமல், "சர்வர் டவுன், நாளைக்கு வாங்க" என்று நாலே வார்த்தையில் சொல்லி அனுப்புகிற பக்குவம் கைவந்தவன். அப்படிப்பட்டவனுக்கு அந்த மாதம் ஒரே ஒரு காரியம்தான் ஆக வேண்டியிருந்தது: களக்காட்டில் மாமியார் வீட்டில் இருக்கும் மனைவி சுபாஷினியையும், பிறந்து ஐந்தாவது மாதம் நடக்கிற மகளையும் வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும்.

ஐந்தாம் மாதத்தில் கூட்டிவர வேண்டும், ஆறாம் மாதம் ஆகாது, விட்டால் ஏழாம் மாதம்தான். முதல் தடவை அவன் போனபோது, ஏர்வாடி தாண்டியதும் கார் விக்கல் எடுக்க ஆரம்பித்து, விக்கிக்கொண்டே களக்காட்டுக்குள் நுழைந்து, மாமியார் கோமதியம்மாளின் வாசலில் பெரிதாக ஒரு விக்கல் விட்டு நின்றது. கோமதியம்மாள் படியில் நின்று அதைக் கேட்டாள். சுபாஷினியிடமிருந்து குழந்தையை வாங்கி உள்ளே கொண்டு போய்விட்டாள்.

"இந்தக் குலுக்கு குலுக்குத வண்டியிலயா எம் பேத்திய ஏத்தப் போறீய? நல்லா இருக்கு மாப்ள. பிளக்கை மாத்திட்டு வாங்க. வர்ற பதினெட்டாம் தேதி புதன்கிழமை, ஏழரைக்கு மேல ஒம்பதுக்குள்ள நல்ல நேரம். அத விட்டா ரெண்டு மாசம்."

"வாடகைக் கார் பிடிச்சுட்டு வாரேன், அத்தை."

"எங்க வீட்டுக்காரர் கண்ண மூடுததுக்கு முன்னால வாங்கித் தந்த காரு. அத வித்துட்டு வாடகைக் கார்ல வருதீயளோன்னு ஊர் கேக்கும். நானும் கேப்பேன்."

அவள் கேட்பாள். கோமதியம்மாளிடம் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. அதற்குள் மிக்சியிலிருந்து கழற்றிய பழைய பிளேடு, குழாயிலிருந்து கழற்றிய பழைய வாஷர், ட்யூப்லைட்டின் பழைய சோக்கு, காலமான கணவரின் கண்ணாடியில் மாற்றிய பழைய சில்லு வரைக்கும் இருந்தன. எந்த மெக்கானிக்கும், எந்த எலெக்ட்ரீஷியனும், பழசை அவள் கையில் கொடுக்காமல் அந்த வாசலைத் தாண்டியதில்லை. "பழசைக் கண்ணால பாத்தாத்தான் புதுசு போட்டதுக்கு அத்தாட்சி. நாலு பிளக்குன்னா நாலும் வரணும். மூணைக் காட்டி என்னய ஏமாத்த முடியாது."

தில்லைநாயகத்தை வாட்டியது மாமியார் இல்லை. ஐந்து மாதக் குழந்தை யார் விரலை நீட்டினாலும் பிடித்துக்கொள்ளும். ஏழு மாதக் குழந்தை ஆள் பார்த்து அழும். போன தடவை வாசலில் நின்ற அரை நிமிடத்தில் மகள் அவனுடைய சுண்டுவிரலைப் பிடித்தாள். இன்னும் இரண்டு மாதம் கழித்துப் போனால் அவன் யாரோ ஒரு மாமா.

ஆகவே ஆறாம் தேதி வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கே காரைக் கொண்டு வந்து சூசையின் பட்டறையில் நிறுத்தினான்.

"ஒரு மணி நேர வேலை அண்ணாச்சி," என்றார் சூசை. சொல்லிவிட்டுக் கைகட்டி உட்கார்ந்துவிட்டார்.

"பின்ன ஏன் உக்காந்திருக்கீய?"

"ஆறட்டும். அலுமினிய எஞ்சின் ஹெட்டு. சூட்டோட கழட்டுனா பிளக்கோட மரையும் சேந்து வந்துரும். அந்தக் காலத்து வண்டியா, ரோட்டோரமா நிறுத்தி, பீடியப் பிடிச்சுக்கிட்டே கழட்டிப் போட?"

ஆறியது. சூசை மேலே இருந்த கறுப்பு மூடியை எடுத்தார். பிளக்குகளுக்கு மேலே மாட்டியிருந்த நாலு காயிலுக்கும் கிளிப்பைத் தட்டினார், போல்ட்டை எடுத்தார், காயில்களை வரிசையாகத் துணியில் கிடத்தினார். பிளக்குகள் நாலும் ஒரு சாண் ஆழக் குழிக்குள் கிணற்றுத் தவளை மாதிரி உட்கார்ந்திருந்தன. குழிக்குள் காற்றடித்துத் தூசியை ஓட்டினார். நீளக் கம்பி மாட்டிய காந்த சாக்கெட்டை இறக்கி, இடமாகத் திருகினார். முதலாவது வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவது வந்தது. மூன்றின் முனைகளும் கறுத்துத் தேய்ந்திருந்தன. "லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கு. பாவம்," என்று அந்த மூன்று குழியிலும் புதுசை மாட்டிவிட்டு, பழசு மூன்றையும் புதுப் பிளக்கின் டப்பாவிலேயே போட்டுக் கொடுத்தார். தில்லைநாயகம் எண்ணி வாங்கிக்கொண்டான்.

நாலாவதில் இருபது சுற்றுச் சுற்றினார். முப்பது சுற்றினார். பிளக்கு வெளியே வந்தது, வெள்ளைப் பீங்கான் தலை எஞ்சினுக்கு மேலே தெரிந்தது, அதற்குக் கீழே அறுகோண நட்டு தெரிந்தது, அதற்குக் கீழே மரை தெரிந்தது, அதற்குக் கீழேயும் மரை தெரிந்தது, சூசை சுற்றச் சுற்றக் கீழே மரை, மரை, மரை. மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆள் எழுந்து போகும்போது பிளக்கு ஒரு ஆள் முழங்கை நீளம் நின்றது.

"என்ன சூசையண்ணே இது?"

சூசை அதைப் பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"நீள மரை பிளக்கு அண்ணாச்சி. இப்ப வர்ற வண்டியில எல்லாம் கொஞ்சம் நீளமாத்தான் போடுதானுவ," என்றார். "நாளைக்கு வாங்க."

மறுநாள் அது பட்டறை வாசலின் தகரக் கூரையைத் தொட்டது. சூசை கூரையில் ஒரு தகரத்தைக் கழற்றி வழிவிட்டார். அப்புறம் எட்டுப் பேரைக் கூட்டி, கூரையின் அந்தப் பக்கத்தையே பிரித்து, கார் வானத்தைப் பார்க்கும்படி செய்தார். பெருவிரல் தடிமன்தான் இருந்தது அந்தத் திருகு, வளையவில்லை, ஆடவில்லை, காற்றாலையின் இறக்கையையே திருப்புகிற வாகைமேட்டுக் காற்று அதைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போனது. சாக்கெட் எட்டாத உயரத்துக்குத் தலை போய்விட்டதால், சூசை அதில் ஆள் மார்பளவு உயரத்தில் ஈரச் சாக்கைச் சுற்றி, கிளாம்பு போட்டு, குறுக்கே ஒரு இரும்புக் கம்பியைச் செருகினார். அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் செக்கு இழுப்பது போல இடமாகச் சுற்றி வருவார்கள். ஒரு சுற்றுக்கு ஒரு நூல் அளவு கழன்று மேலே ஏறும்.

வாகைமேட்டுக்காரர்கள் வந்தார்கள், பார்த்தார்கள். ஆச்சரியப்படுவதற்கு ஆளுக்கு அரை நிமிடம்தான் எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் யோசனை சொல்ல ஆரம்பித்தார்கள்.

"மண்ணெண்ணெய் ஊத்துனீயளா?"

"கழட்டுததுக்கு முன்னால வண்டிய ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிருக்கணும். சூட்டுலதான் இளகும்."

"சூட்டுல எடுக்கப்படாதுவே, கோட்டி! அலுமினியம்!"

"எம் மச்சான் வண்டியில ரெண்டாவது பிளக்கு இப்படித்தான். ஒரு வாரம் வந்துது. அவன் ஒண்ணும் யார்கிட்டயும் சொல்லல."

வார்டு மெம்பர் துரைப்பழம் மாலையுடன் வந்தார். யாருக்குப் போடுவது என்று தெரியாமல் சூசைக்குப் போட்டார், போட்டோ எடுத்தார், மாலையைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். கேபிள்காரன் அதில் ஒரு ஒயரைக் கட்டினான். அதுவரை மொட்டை மாடிக்குப் போனால்தான் போன் பேச முடியும் என்றிருந்த தெற்குத் தெருவில் திடீரென்று அடுக்களையிலேயே சிக்னல் கிடைத்தது. தெற்குத் தெரு ஒட்டுமொத்தமாகத் தன் சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு அதைச் சொன்னது. பட்டறைக்கு எதிர்வீட்டுக்காரி துணி காயப்போடக் கயிறு கட்டினாள். காற்றாலைக் கம்பெனியின் இளைஞர் ஒருவர் டேப்பும் தலைக்கவசமுமாக வந்து, "எங்க டவர்ல இருந்து முந்நூறு மீட்டர் தள்ளித்தான் எதையும் நடணும்" என்றார்.

"நட்டது இல்ல சார்," என்றார் சூசை. "கழட்டுனது."

இளைஞர் தன் நோட்டில் அதற்கு ஒரு கட்டம் இருக்கிறதா என்று தேடினார். இல்லை. போய்விட்டார்.

களக்காட்டிலிருந்து தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் வந்தது.

"மாப்ள, நாலாவது?"

"கழண்டுகிட்டு இருக்கு, அத்தை."

"நேத்தும் அதத்தான சொன்னீய."

"நேத்தும் கழண்டுகிட்டுத்தான் இருந்துது."

"எங்க வீட்டுக்காரர் முப்பது வருசம் வண்டி ஓட்டுனாவ. ஒரு பிளக்கு மூணு நாளாக் கழண்டு நான் கேள்விப்பட்டதே இல்ல."

தில்லைநாயகம் பல்லைக் கடித்துக்கொண்டு படம் எடுத்து அனுப்பினான். சுபாஷினி கூப்பிட்டாள். "எங்களக் கூட்டிட்டுப் போவ இஷ்டமில்லன்னா நேரடியாச் சொல்லுங்க. பொய் சொல்லுததுக்கும் ஒரு இது வேண்டாமா? கொஞ்சம் நம்புத மாதிரி சொல்லக் கூடாதா?" பின்னாலிருந்து கோமதியம்மாளின் குரல்: "போட்டோவுல இப்ப என்ன வேணாலும் காட்டுதானுவ. பழசு கையில வரட்டும்." அதற்கும் பின்னாலிருந்து, யாரையும் குற்றம் சொல்லாமல், "ங்கா" என்று ஒரு சத்தம். தில்லைநாயகம் போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, அந்த ஒரு சொல்லை மறுபடி யாராவது சொல்ல மாட்டார்களா என்று நின்றான். அதற்குள் சிக்னல் போய்விட்டது. கேபிள்காரன் ஒயரை மாற்றிக் கட்டிக்கொண்டிருந்தான்.

ஞாயிறு விடுமுறை; திங்கள், செவ்வாய், புதனுக்கு அவன் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, நாலு நாளும் கம்பியைப் பிடித்துச் சுற்றினான். உள்ளங்கை கொப்பளித்தது. சாயங்காலம் தலை புங்க மரத்தைத் தாண்டி நிற்கும்; காலையில் வந்து பார்த்தால் மரத்துக்குக் கீழே இருக்கும். முதல் நாள் கண் ஏமாற்றியது என்று நினைத்தான். இரண்டாம் நாள் தூக்கக் கலக்கம் என்று நினைத்தான். வியாழக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக வந்து புங்க மரத்தின் பின்னால் ஒளிந்துகொண்டான்.

முதலில் பூக்காரச் செல்வக்கனி வந்தாள். ஒரு முழம் பிச்சியைக் கிளாம்பில் சுற்றினாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு குறுக்குக் கம்பியை ஒரு கையால் பற்றிக்கொண்டு வலம் வந்தாள். அவளுக்குப் பின்னால் ஒருத்தி, அவளுக்குப் பின்னால் ஒருத்தி, வரிசை தெருமுனை வரைக்கும் நின்றது. வலமாக, வலமாக, வலமாக. ஒவ்வொரு சுற்றுக்கும் பிளக்கு பக்தியோடு ஒரு நூல் இறங்கியது.

"ஐயோ!" என்று கத்திக்கொண்டு தில்லைநாயகம் வெளியே பாய்ந்தான். "முறுக்குதீய! நான் கழட்டினதை எல்லாம் நீங்க முறுக்குதீய!"

"யார் முறுக்குனா? சும்மா தொட்டுக்கிட்டுச் சுத்துதோம்."

"நாலு நாளா எங் கை தேயுது அக்கா! இது சாமி இல்ல, பிளக்கு!"

"பிளக்குன்னா இப்படியா வளரும்? போன வாரம் எம் மருமவளுக்கு முதுகுவலி. மூணு நாள் சுத்துனா, போயிட்டு," என்றாள் செல்வக்கனி. கம்பியைத் தள்ளிக்கொண்டு மூன்று நாள் சுற்றினால் எந்த முதுகுதான் சரியாகாது!

"அப்படின்னா இடமாச் சுத்துங்க. உங்க காலைப் பிடிக்கேன்."

வரிசை முழுவதும் மூச்சை இழுத்துக்கொண்டது. "இடமாவா? சாவு வீட்டுலதான் இடமாச் சுத்துவாவ! இவருக்கு வாயில நல்ல வார்த்தையே வராதா?"

அன்று பத்து மணிக்குத் துரைப்பழம் புங்க மரத்தடியில் நாற்காலி போட்டு இரு தரப்பையும் விசாரித்தார். கேட்டார், தலையை ஆட்டினார், தொண்டையைச் செருமினார், தீர்ப்புச் சொன்னார்: "காலையில ஆறுல இருந்து பத்து வரைக்கும் அவிய வலமாச் சுத்தட்டும். பத்துல இருந்து ரெண்டு வரைக்கும் நீங்க இடமாச் சுத்துங்க. ரெண்டு பேருக்கும் சமமா நாலு மணி நேரம். நியாயந்தான?"

எல்லோரும் நியாயம் என்றார்கள். சூசைகூட நியாயம்தான் என்றார். தில்லைநாயகம் ஒருவனுக்குத்தான் கணக்குத் தெரிந்தது. அன்றும், வெள்ளியன்றும், சனி, ஞாயிறன்றும் பிளக்கு நியாயமாக ஏறி நியாயமாக இறங்கி அங்கேயே நின்றது.

திங்கட்கிழமை வெல்டிங் கடைக்காரர் வந்தார். "அறுத்துருவமா? அரை நிமிசம்."

தில்லைநாயகம் சரி என்று சொல்ல வாயைத் திறந்தான். சூசை இரண்டு கையையும் விரித்துக்கொண்டு காருக்கு முன்னால் நின்றார். அத்தனை நாளும் சிரித்துக்கொண்டே இருந்த மனிதர் சிரிக்கவில்லை.

"அறுத்தா மேல உள்ளது போயிரும். உள்ள உள்ளது உள்ளயே கிடக்கும். அப்புறம் ஹெட்டையே தூக்கணும். பதினெட்டாம் தேதின்னீயளே, அடுத்த மாசம் பதினெட்டா?" என்றார். கொஞ்சம் தணிந்து, "அண்ணாச்சி, எங்க வீட்டுப் பத்திரத்துக்கு நாலு தடவ என்னய நாளைக்கு வாங்கன்னீய. நாலு தடவயும் வந்தேன். பத்திரத்தக் கிழிச்சுட்டா போனேன்?"

தில்லைநாயகத்துக்கு அந்த முகம் ஞாபகமே இல்லை. நாலு தடவையும் அவன் தலையை நிமிர்த்தியிருக்க மாட்டான். வெல்டிங் கடைக்காரரைப் போகச் சொன்னான்.

செவ்வாய்க்கிழமை லீவு தீர்ந்துவிட்டது. ஆபீசுக்குப் போனான். மறுநாள் காலை ஒன்பதோடு ஐந்தாம் மாதத்தின் கடைசி நல்ல நேரம் முடிகிறது. எதிரே ஒரு பெரியவர் காகிதங்களை நீட்டிக்கொண்டு நின்றார். தில்லைநாயகம் பசை பாட்டிலை எடுத்தான். மூடி ஒட்டிக்கொண்டிருந்தது. திருகினான், கொப்பளம் வெடித்த கையால் முடியவில்லை, இருந்த எரிச்சல் எல்லாம் சேர்ந்து, "சவத்த, நீயுமா!" என்று பாட்டிலைப் பார்த்துக் கத்தினான்.

"தாங்க தம்பி," என்றார் பெரியவர். அவருக்கும் கையில் வலுவில்லை. மூடியை மேஜை இடுக்கில் வைத்து அசையாமல் அழுத்திக்கொண்டார், பாட்டிலைத் திருப்பினார். வலமாக. மூடி கழன்றது.

தில்லைநாயகம் பாட்டிலைப் பார்த்தான். மூடியைப் பார்த்தான். பெரியவரின் முகத்தை, தலையை நிமிர்த்தி, நன்றாகப் பார்த்தான். "சர்வர் நல்லாத்தான் இருக்கு, ஐயா. உக்காருங்க," என்று சொல்லி, அவருடைய வேலையை அப்போதே முடித்துக் கொடுத்துவிட்டு, சட்டையில் பசையோடு பட்டறைக்கு ஓடினான்.

"பிளக்கைச் சுத்த வேண்டாம்! பிளக்கு அப்படியே நிக்கட்டும்! காரைச் சுத்துவோம்! வலமா!"

சூசை கையில் இருந்த ஸ்பேனரை வலமும் இடமுமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உட்கார்ந்தார். எழுந்தார். "பன்னெண்டு நாளா எம் புத்தி எங்க மேயப் போச்சு?" என்றார்.

செல்வக்கனி கேட்ட ஒரே கேள்வி: "காரு வலம் வருதா?" 

"காரு வலம் வருது, அக்கா."

"அப்படின்னா எங்களுக்கு என்ன? நாங்களும் பின்னால வாரோம்."

புதன்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு ஊரே கூடிவிட்டது. முன்சக்கரங்களுக்கு அடியில் வழுக்குவதற்கு வாழைமட்டை பரப்பினார்கள். துரைப்பழத்தின் தலைமையில் எட்டுப் பேர் குறுக்குக் கம்பியை அசையவிடாமல் பிடித்துக்கொண்டார்கள். அது உயர உயர சூசை கிளாம்பைத் தளர்த்திக் கீழே இறக்கினார். கோயிலிலிருந்து தேர் வடத்தைக் கொண்டு வந்து காரின் பின்பக்கம் கட்டினார்கள். யாரோ ஒருவர் குரல் கொடுக்க, கார் தன் நாலாவது பிளக்கையே நடுவாக வைத்துக்கொண்டு, பின்பக்கத்தை வீசி, மெதுவாக, அலுங்காமல், வலம் வரத் தொடங்கியது. வடம் பிடித்தவர்கள் முன்னே போக, பிச்சிப் பூவோடு பெண்கள் பின்னே போக, அவர்களுக்குப் பின்னால் முதுகுவலிக்காரர்கள் போக, அவர்களுக்குப் பின்னால் நேற்றுவரை இடமாகச் சுற்றிக் களைத்தவர்கள் போக, முதல் சுற்றுக்கு ஒரு நூல் ஏறிய பிளக்கு, பத்தாவது சுற்றுக்கு ஒரு சாண் ஏறியது, முப்பதாவது சுற்றுக்கு ஒரு ஆள் உயரம் ஏறியது, புங்க மரத்தைத் தாண்டி, பனைகளைத் தாண்டி, எதிர்வீட்டுக்காரியின் இரண்டு பாவாடைகளையும் ஒரு போர்வையையும் கயிற்றோடு தூக்கிக்கொண்டு, காற்றாலைகளுக்கு மேலே போய், அவை எல்லாவற்றின் தலையும் அதன் இடுப்பளவு தெரியும்படி நின்றது. ஏழரை மணிக்கு உள்ளேயிருந்து 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம், நகம் வெட்டுவது போல. கடைசி மரை வெளியே வந்தது. முனை கறுத்திருந்தது. மற்ற மூன்றைவிட ஒன்றும் அதிகமாகக் கறுக்கவில்லை.

காரைத் தள்ளி எடுத்தார்கள். பிளக்கை அது நின்ற இடத்திலேயே மண்ணில் இறக்கினார்கள்; அதை வேறு எங்கே கொண்டு போவது?

"சூசையண்ணே, மணி ஏழே முக்கால்!"

சூசை புதுப் பிளக்கைத் துணியில் துடைத்தார். ஒரு ரப்பர் குழாயின் நுனியில் செருகினார். குழிக்குள் இறக்கினார். இரண்டு விரலால், பூவை எடுப்பது போல, திருகினார்.

"சாக்கெட்டப் போட்டு ஒரே இழுப்பா இழுங்கண்ணே!"

"பைய, அண்ணாச்சி, பைய. புதுச மொத மரை பிடிக்குத வரைக்கும் கையாலதான் இறக்கணும். கோணலாப் பிடிச்சா இன்னொரு பன்னெண்டு நாள்."

தில்லைநாயகம் வாயை மூடிக்கொண்டான். ஊரும் மூடிக்கொண்டது. மரை பிடித்தது. இறுக்கத்தை அளக்கும் ரெஞ்சு 'கிளிக்' என்றது. காயில், கிளிப், போல்ட், மூடி. சாவியைத் திருப்பினான். விக்கல் இல்லை, இருமல் இல்லை. எஞ்சின் ஓடுகிறதா என்று சூசை கை வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

எட்டு ஐம்பதுக்குக் களக்காட்டு வாசலில் கார் சத்தமில்லாமல் போய் நின்றது. கோமதியம்மாள் படியில் நின்று கேட்டாள். கேட்க ஒன்றுமில்லை. கையை நீட்டினாள். தில்லைநாயகம் டப்பாவைக் கொடுத்தான். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒவ்வொன்றாகத் திருப்பி முனையைப் பார்த்தாள்.

"நாலாவது?"

அவன் மொட்டை மாடிக்கு ஏறினான். அவளும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். இடுப்பில் குழந்தையோடு சுபாஷினியும் ஏறினாள். தெற்கே, வெயிலில், நூற்றுக்கணக்கான காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு மேலே, நூல் போல ஒரு கோடு. கோட்டின் உச்சியில் வெள்ளையாக ஒரு துளி. பெருவிரல் தடிமன் உள்ளது அவ்வளவு தூரத்துக்கு எப்படித் தெரியும் என்று கேட்பவர்கள் கோமதியம்மாள் பழைய சாமானைப் பார்க்கிற பார்வையைப் பார்த்ததில்லை.

"அந்த வெள்ளையா தெரியுதே, அதா?"

"அதான் அத்தை."

கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள்.

"பாதியில ஏதோ துணி தொங்குது?"

"எதிர்வீட்டுக்காரி பாவாடை."

"முனை கறுத்திருந்துதா?"

"கறுத்துத் தேஞ்சிருந்துது."

"அப்ப மாத்த வேண்டியதுதான்," என்றாள் கோமதியம்மாள். "நாலு. சரியா இருக்கு." சுபாஷினியின் இடுப்பிலிருந்து குழந்தையை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். குழந்தை அவனுடைய கொப்பளம் வெடித்த கையை ஆராய்ந்து, சுண்டுவிரலைத் தேர்ந்தெடுத்துப் பிடித்துக்கொண்டது. கடிகாரத்தில் ஒன்பதாக இரண்டு நிமிடம் இருந்தது. கார் கிளம்பும்போது அவள் ஜன்னலுக்குள் தலையை விட்டுச் சொன்னாள்: "நாலாவதத் தூக்கிப் போட்டுராதீய, மாப்ள. தினமும் பாத்துக்கிடுவேன்."

பார்த்துக்கொண்டாள். ஊரோ விடிந்தால் வந்து விடிந்தால் வந்து வலம் சுற்றியது; சுற்றச் சுற்ற அது இப்போது மண்ணுக்குள் ஒரு நூல், ஒரு நூலாக இறங்கியது. மூன்று வாரம் கழித்து, சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் அடித்தது.

"மாப்ள, நாலாவது பிளக்கு நேத்துக்கு இன்னைக்குக் கொறஞ்சிருக்கே? யாரும் கீழ இருந்து அறுத்து எடுக்குதானுவளா? எனக்கு ஒண்ணும் புரியல. நாலும் இருக்குன்னு நம்பித்தான் நான் பிள்ளையக் குடுத்தேன்."

"நான் பாக்கேன் அத்தை," என்று தில்லைநாயகம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், சாப்பிட்ட களைப்பில் ஊர் முழுவதும் தூங்குகிற மத்தியானம் மூன்று மணிக்கு, அவன் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு புங்க மரத்தடிக்குப் போகிறான். முன்னும் பின்னும் பார்க்கிறான். பட்டறைக்குள் கார் ஒன்றுக்கு அடியில் படுத்திருக்கும் சூசை பார்த்தும் பார்க்காதது போல இருக்கிறார். செல்வக்கனியின் வீட்டு ஜன்னல் மூடியிருக்கிறதா என்று ஒரு தடவை சரிபார்த்துவிட்டு, ஒரு கையால் குறுக்குக் கம்பியைப் பிடித்து, குழந்தை சிரிக்கச் சிரிக்க, கோமதியம்மாளின் கணக்குக் குறையாத அளவுக்கு, இடமாகச் சுற்றுகிறான்.